மைனஸ் வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள நெட்டைக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பேனா பிடித்து எத்தனை மாதமோ. உறை வாங்கப் போனால் கடைக்காரர், "எத்தனை கட்டும்மா?" என்றார். ஒன்று போதும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போனும் லேப்டாப்பும் விசாரணைக் குழுவிடம் இருக்கின்றன. ஆபீஸ் மெயிலைக் கம்பெனி வக்கீல் படிக்கிறார். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று சொன்னார்கள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அது சாக்குதான், தெரியும்.

சாட்சிகள் என்றால் நீயும் நானும். உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். அதில் தேதி மட்டும்தான் இருக்கும். 27, வெள்ளி. விஷயத்தை நான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நாம் சேர்ந்து போய் நோயாளிகளைக் கண்காணிக்கும் எந்திரம் பொருத்தினோமே, அந்த ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி வார்டு. எட்டுப் படுக்கை, ஒரு நர்ஸ் மேசை, மேசையில் நம் திரை. போன செவ்வாய், பிப்ரவரி 24, மதியம் இரண்டு மணி ஏழு நிமிடம். ஆறாம் படுக்கையில் ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர். வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ரத்தத்தில் ஆக்சிஜன் விழுந்திருக்கிறது. யாரும் போகவில்லை. நாலு நிமிடம் கழித்துத் தண்ணீர் ஜாடி வைக்கப் போன ஆயாதான் பார்த்துக் கத்தியிருக்கிறார். மறுநாள் காலை டிரைவர் இறந்துவிட்டார்.

எந்திரத்துக்குள் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வைக்கிறதே என் டிரேஸ், அது இதைத்தான் சொல்கிறது:

2:07:12 ஆறாம் படுக்கை, அலாரம்.
2:07:19 மௌனப் பட்டன் அழுத்தப்பட்டது.

அதாவது அலாரம் அடித்தது, ஏழு வினாடி கேட்டுவிட்டு நர்ஸ் அதை அமுக்கினார், போய்ப் பார்க்கவில்லை. அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பத்தொன்பது வருட சர்வீஸ். "அமுக்கினது நான்தான். ஆனா அப்ப கத்திக்கிட்டிருந்தது நாலாம் பெட். ஆறுல எந்தச் சத்தமும் கேக்கல" என்கிறார். அவர் நாலாம் படுக்கையின் விரல் கிளிப்பைச் சரி செய்யப் போயிருந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று வக்கீல் என்னிடம் கேட்டார். கேள்வி இல்லை அது.

மானேஜர் எனக்குக் கை குலுக்கினார். "உன் டிரேஸ்தாம்மா கம்பெனியைக் காப்பாத்துச்சு." ஆறு வருடத்தில் முதல் கைகுலுக்கல். ஈரமாக இருந்தது.

ஒரு விஷயம். அறிக்கையில் அலாரம் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. ஆக்சிஜன் சரிந்த வரி இல்லை. சரிவு இல்லாமல் அலாரம் எப்படி வரும்?

மைனஸ் வரிகளை எடுக்கச் சொன்னாயே, அந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா?

குட்டிக்கு முத்தம். 27 அன்று பெரிய ஹால், மைக் கிடையாதாம். காலேஜில் நான் மேடை ஏறினால் நீ கடைசி வரிசையில் போய் உட்காருவாய், என் குரல் வந்து சேரவில்லை என்றால் கையைத் தூக்குவாய். இப்போது யார் தூக்குவார்கள் என்று நினைத்தேன்.

உன்
குருவி

•

மார்ச் 7, சனி

அடியே குருவி,

உன் கடிதத்தைத் தபால்காரர் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்து, "யாருடி இது, இந்தக் காலத்துல உனக்கு லெட்டர் போடுறது?" என்றார். காதலன் என்றேன். "கையெழுத்தைப் பார்த்தா டாக்டர் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பொறாமைப்படக்கூட இந்த மனுஷனுக்கு நேரம் இல்லை.

குட்டிக்கு நாலு பல் ஒன்றாக முளைக்கிறது. யாரைப் பார்த்தாலும் கடிக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு அம்மா தூக்கினார், தோள்பட்டையில் ஒரு முத்திரை. எனக்குப் புது வேலையில் நேரம் சரியாக இருக்கிறது. எனக்குக் கீழே ஐந்து பேர். நம்புவாயா? ஐந்து பேரும் என்னை மேடம் என்கிறார்கள். முதல் வாரம் நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ நிற்கிறார்கள் என்று.

அந்த டிரைவர் விஷயம் மனசைப் பிசைகிறது. அந்த நர்ஸையும் நினைத்தேன். பாவம். களைப்பாக இருந்திருப்பார். எட்டு மணி நேரத்தில் எத்தனை அலாரம்தான் கேட்பார்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

ஆனால் குருவி, ரெக்கார்டு தெளிவாகத்தானே இருக்கிறது? நீ ஏன் ஆறின புண்ணைச் சொறிகிறாய்? ஒரு வரி இல்லை என்றால் இல்லை. டிரேஸ் என்றால் நாலு வரி விழத்தான் செய்யும். நீயே சொல்லியிருக்கிறாய்.

மைனஸ் வரிகள் நினைவிருக்கிறது. பதில் வந்த பிறகு கேள்வி வந்ததாக, இடைவெளியை மைனஸில் காட்டுமே, அவைதானே. அறிக்கை முழுக்கச் சிவப்பு. மானேஜர் அதைப் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார் என்று எடுக்கச் சொன்னேன். நீயும் எடுத்தாய். கதை அதோடு முடிந்தது. இதை 27 அன்று நீ பேச வேண்டிய அவசியம் என்ன?

உன்னைத் தெரியும். இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய். தூங்கு.

31ஆம் தேதி எனக்கு வேலை நிரந்தரம் ஆகிறது. உத்தரவு வந்ததும் ஒரு பெரிய உறையில் குட்டியின் போட்டோ அனுப்புகிறேன்.

உன்
நெட்டை

•

மார்ச் 11, புதன்

அன்புள்ள நெட்டைக்கு,

போட்டோவை இப்போதே அனுப்பியிருக்கலாம்.

குழு எனக்கு ஒரு கட்டுக் காகிதம் தந்திருக்கிறது. வார்டு எந்திரத்தின் நகல்கள். யாரும் படிக்காத பக்கம் ஒன்று கடைசியில் இருந்தது. எந்திரம் கிளம்பும்போது இயங்குதளம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வரிகள். அதில் ஒன்று: கோர் கடிகாரம் நம்பத் தகாதது, போர்டு கடிகாரத்துக்கு மாறுகிறேன்.

எந்திரத்தைக் கிளப்பிய ஒவ்வொரு முறையும் அது இதைச் சொல்லியிருக்கிறது. இரண்டு வருடமாக.

வக்கீலிடம் விளக்க ஒத்திகை பார்த்தேன். உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன், எங்கே உளறுகிறேன் என்று சொல்.

எந்திரத்தின் மூளையான பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள் இரண்டு, அவைதான் கோர்கள். ஒரே அறையில் இரண்டு குமாஸ்தாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஆளுக்கொரு கைக்கடிகாரம். வெளியே வராந்தாவில் சுவர்க்கடிகாரம், அதுதான் போர்டில் இருப்பது. சுவர்க்கடிகாரம் சரியானது. ஆனால் மணி பார்க்க ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டும். நாங்கள் வினாடிக்கு நாற்பதாயிரம் தடவை மணி கேட்டோம். எழுந்து போவதிலேயே வேலை கெட்டது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கப் போய், அளப்பதாலேயே நேரம் ஆனது. அதனால் அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தே எழுதிக்கொள்ளட்டும் என்று மாற்றினேன்.

வேலை இல்லாதபோது இரண்டாவது குமாஸ்தா தூங்குவார். பழைய எந்திரங்களில் அவர் தூங்கினால் அவர் கடிகாரமும் நிற்கும். விழித்ததும் நின்ற இடத்திலிருந்து ஓடும். நிமிடத்துக்கு ஒரு முறை நான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்தேன். அந்த நிமிடத்துக்குள் எவ்வளவு பின்தங்கும் என்று பார்க்கவில்லை. ஏனென்றால் நம் லேபில் இருந்தது புது எந்திரம். அதில் தூங்கினாலும் கடிகாரம் நிற்காது. வார்டில் இருப்பது பழையது.

இயங்குதளத்துக்கு இது தெரிந்திருக்கிறது. அது சுவர்க்கடிகாரத்துக்குப் போய்விட்டது. என் டிரேஸ்தான் அதைக் கேட்காமல் நேராகக் கோரிடம் போய் மணி வாங்கியது. நான் எழுதியது.

உளறலா?

இப்போது உனக்கு மட்டும். அலாரம் இரண்டாம் கோரில் ஓடுகிறது. பட்டனும் ஆக்சிஜன் அளவும் முதல் கோரில். இரண்டாம் கோர் தூங்கி எழுந்திருந்தால், 2:07:12 என்று அது எழுதியது உண்மையில் அதற்குப் பிறகு. எவ்வளவு பிறகு என்று தெரியாது. ஏழு வினாடிக்கு மேல் என்றால், நர்ஸ் பட்டனை அழுத்தியபோது ஆறாம் படுக்கையின் அலாரம் இன்னும் வரவே இல்லை. அவர் சொல்வது அப்படியே நடந்திருக்கிறது. ஏற்கெனவே அடிப்பதை மட்டும் அமுக்க வேண்டிய பட்டன்; நாலாம் படுக்கைக்கு அழுத்திய மௌனம் அடுத்து வந்த ஆறையும் விழுங்கியிருக்கிறது.

சரிந்த வரி ஏன் இல்லை என்றும் புரிகிறது. சரிவுக்கு முன்பே அலாரம் வந்ததாகக் கணக்கு வந்திருக்கும். மைனஸ். நம் வடிகட்டி அதை எடுத்திருக்கும்.

நீ அழித்துவிடச் சொன்னாய். நான் அழிக்கவில்லை, நெட்டை. மனசு வரவில்லை. தனிக் கோப்பில் தள்ளினேன். பெயர் குப்பை. முப்பது நாள் வைத்திருந்து தானாக அழியும்படி எழுதியிருந்தேன். வார்டில் வேறு எந்திரம் இல்லாததால் அதுவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி 24இன் குப்பை, மார்ச் 26 மதியம் வரை இருக்கும். விசாரணை 27.

எந்திரத்திலிருந்து கோப்பு எடுக்க, பொருத்தியபோது கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி விதி. குழுவிடம் போனேன். "ரெக்கார்டு தெளிவா இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?" என்றார்கள்.

படிவம் இதோடு இருக்கிறது. நான் போட்டுவிட்டேன். உன் இடம் கீழே.

குருவி

•

மார்ச் 15, ஞாயிறு

குருவி,

உன் குமாஸ்தாக் கதை நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். கைக்கடிகாரத்தைப் பார் என்று அந்தக் குமாஸ்தாக்களுக்குச் சொன்னது யார்?

நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உன் டிரேஸ் ஓடினா என் அலாரம் நொண்டுதுடி, ஏதாவது பண்ணு." அவ்வளவுதான். ஏதாவது பண்ணு என்றேன். எந்தக் கடிகாரம், எந்த வராந்தா என்று எனக்கு என்ன தெரியும்? அது உன் வேலை. ஆறு வருடம் அதைத்தான் செய்தாய். யாராவது நேரம் பற்றி வாயைத் திறந்தால் குருவியைக் கேள் என்போம். இப்போது உன் கடிகாரம் தப்பு என்றால் பழி எனக்கா?

நன்றாக யோசித்துப் பார். இந்தக் கோப்பை எடுத்தால் என்ன ஆகும்? டிரேஸ் எழுதியவளைப் பார்த்து, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்பார்கள். உனக்கு அவ்வளவுதான். அலாரத்தை எழுதியவள்? டெஸ்ட் காகிதத்தில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவள்? ஒரு மனுஷன் செத்திருக்கிறான். இங்கே நான் அலாரம் பிரிவுக்குத் தலைமை. அலாரம் பிரிவுக்கு! 31 வரை என்னை எந்த நிமிடமும் போகச் சொல்லலாம். அப்புறம் இந்தத் தொழிலில் எவன் என்னை உள்ளே விடுவான்?

நர்ஸுக்குச் சங்கம் இருக்கிறது. வக்கீல் வைப்பார்கள். வாசலில் கோஷம் போடுவார்கள். எனக்கு யார் போடுவார்கள், பல் முளைக்கிற குட்டியா?

நீ நல்லவள். எப்போதும் நல்லவள். ஆனால் நீ நல்லவளாக இருக்க யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று கெட்ட பெயர் வாங்க வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் மின்சார அடுப்பு மாட்டியபோது வார்டனிடம் நீயாகப் போய் ஒப்புக்கொண்டாய். அடுப்பு என்னுடையது. ஒரு வாரம் அறைக்கு வெளியே படுத்தது நான்.

அழிக்கச் சொன்னதை அழித்திருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை. அழித்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே, அன்று அந்த நாற்காலியில் சுற்றிக்கொண்டே.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன் என்று வைத்துக்கொள். இனி எழுதாதே.

•

மார்ச் 19, வியாழன்

நெட்டை,

எழுதாதே என்றாய். இது பதில் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று உனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக.

அழித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். உண்மை. நீ அந்த வாரம் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பொய் சுலபமாக இருந்தது.

அடுப்பு விஷயமும் உண்மை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிறேன்.

ஸ்டோர் ரூமில் அந்தப் பழைய மாடல் ஒன்று கிடந்தது. தூசி தட்டி ஓட விட்டேன். சும்மா விட்டுத் தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தேன். ஒன்பது வினாடி பின்தங்கியது. அடுத்து நாலு. அடுத்து பதினொன்று. ஒருமுறை இருபத்துமூன்று. மானேஜரிடம் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "லேப்ல ஆயிரம் நடக்கும்மா. வார்டுல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உன்னால சொல்ல முடியுமா? முடியாதில்ல? அப்ப பேசாம இரு." அவர் சொன்னதில் தப்பில்லை. என்னால் முடியாது. தெரியாது என்று மட்டும்தான் சொல்ல முடியும். நான் தெரியாது என்றால் அவர்கள் காகிதத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் 12, பிறகு 19.

நேற்று அந்த நர்ஸைப் பார்த்தேன். குழு அலுவலகத்தில், படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவராகவே பேசினார்.

"நீங்களும் சாட்சியாம்மா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இத்தனை வருஷத்துல நான் சத்தம் கேட்டு எழுந்திரிக்காம இருந்ததில்ல. வீட்ல மிக்ஸி ஓடினாக்கூட எழுந்து நிப்பேன், எம்புள்ளைங்க கிண்டல் பண்ணும். ஆனா அந்தப் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்றாங்க. படிச்சுப் படிச்சு, இப்ப எனக்கே அந்தச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கு. கேட்டிருக்குமோ?"

கேட்டிருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாதே.

அவர் ஒத்துக்கொண்டுவிடுவார், நெட்டை. என் காகிதத்தை நம்பி.

27ஆம் தேதி நான் சொல்லப் போவது இதுதான். கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தது நான். வேகம் முக்கியம் என்று நினைத்தேன். இயங்குதளம் நம்பாததை நம்பினேன். மைனஸ் வரிகளை மறைத்தது நான். உன் பெயரை இதில் எங்கும் சொல்ல மாட்டேன். நீ கேட்டாய், அது ஒரு காரணம். தேர்வு என்னுடையது. கேட்டபோது, முடியாது, அந்தக் கடிகாரம் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்கு முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

குருவி

•

மார்ச் 23, திங்கள்

நெட்டை,

வியாழன் மதியம் இரண்டு ஏழுக்குக் கோப்பு அழியும்.

காலையிலும் மாலையிலும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மாடி வீட்டுக்காரர், "மணியார்டர் ஏதாவது வரணுமா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இப்போது இருக்கிறதா என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

கிழித்திருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு.

கு.

•

மார்ச் 25, புதன்
மூன்றாம் மாடி, வார்டுக்கு வெளியே பெஞ்சு

குருவி,

இதை உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். வெள்ளி காலை திரும்பவும் வர வேண்டும். குட்டியை இரண்டு நாள் வீட்டுக்காரர் ஒருவரே சமாளிக்க முடியாது, ஏற்கெனவே கையில் கட்டுப் போட்டிருக்கிறார்.

உன் வியாழக்கிழமைக் கடிதம்தான் என்னிடம் கடைசி. அதற்குப் பிறகு ஏதாவது எழுதியிருந்தால் நான் பார்க்கவில்லை, நேற்று மாலையே கிளம்பிவிட்டேன். எனவே நீ கெஞ்சி, அதனால் நான் வந்தேன் என்று யாரிடமும் வரிசை மாற்றிச் சொல்லாதே.

படிவத்தைக் கிழிக்கவில்லை. தபாலில் அனுப்பத்தான் இருந்தேன். கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் பழைய கையெழுத்து வரவில்லை. அங்கே எல்லாக் காகிதத்திலும் மேடம் கையெழுத்துப் போட்டுப் போட்டு மாறிவிட்டது. ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினால் வியாழன் போய்விடும். அதனால் நேரில் வந்தேன். சூப்பிரண்டு என்னையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு உயரமா ஒரு பொம்பளை வந்து ரெண்டு நாள் மேசைக்கடியில படுத்து ஒயர் மாட்டினது ஞாபகம் இருக்கு" என்றார். கையெழுத்தைவிட அது செல்லுபடியானது.

அலுவலர் வர நேரமாகும் என்று வார்டு வாசலில் உட்கார வைத்தார்கள். நாற்பது நிமிடம். நான் எழுதிய மௌனப் பட்டனுக்கு நேர் எதிரே. அதில் மணிப் படம் ஒன்று இருந்ததே, அது முழுக்க அழிந்துவிட்டது, குருவி. தேய்ந்து, பிளாஸ்டிக் பளபளவென்று குழிவிழுந்திருக்கிறது. புதிதாக வந்திருக்கிற நர்ஸ் சின்னப் பெண். நாற்பது நிமிடத்தில் பதினேழு தடவை அழுத்தினாள். நான் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டு ஓடுகிறாள். யாரும் உட்காரவில்லை. நான் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டனை எழுதியபோது ஒரு நாளைக்கு நாலைந்து தடவை என்று நினைத்திருந்தேன்.

இனி இதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் தெரியாதது.

டெஸ்டில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. ஒரு படுக்கைக்கு மௌனம் அழுத்தினேன், மூன்று வினாடியில் இன்னொரு படுக்கையில் அலாரம் வர வைத்தேன். சத்தம் வரவில்லை. உன் டிரேஸைத் திறந்தால் அலாரம்தான் முதலில், பட்டன் பிறகு என்று இருந்தது. அப்படியென்றால் மௌனம் சரியாகத்தானே வேலை செய்திருக்கிறது என்று அடுத்த டெஸ்டுக்குப் போனேன். நான் என் விரலால் அழுத்தியது எனக்குத் தெரியும். எது முன்னால் என்று தெரியும். ஆனாலும் திரையில் இருந்ததை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அது எனக்குத் தோதாக இருந்தது. அது லேபின் புது எந்திரம்கூட இல்லை. இங்கே வந்து பொருத்திய இரண்டாம் நாள், இதே மேசையில். அதற்கடுத்த வாரம்தான் மைனஸ் வரிகளை அழிக்கச் சொன்னேன். அப்போது கடிகாரம் பொய் என்றேன். அதற்கு முந்தின வாரம் அதே கடிகாரம் எனக்கு உண்மை.

அந்த நர்ஸ் உன்னிடம் கேட்டதை இரண்டு தடவை படித்தேன். அவரை நம்ப வைத்தது போலத்தான் என்னையும் நம்ப வைத்தது. ஒரு வித்தியாசம், நான் ஆசைப்பட்டு நம்பினேன்.

டெக்னீஷியன் கோப்பை எடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து, தேதியைத் தேடச் சொன்னார். எனக்குப் படிக்க உரிமை உண்டா தெரியாது. படித்துவிட்டேன்.

ஆறாம் படுக்கை. சரிவு 2:07:22. அலாரம் 2:07:12. இடைவெளி மைனஸ் பத்து.

பட்டன் 19. மூன்று வினாடி முன்னால் அழுத்தியிருக்கிறார். என் டெஸ்டில் இருந்த அதே மூன்று.

உறையில் போட்டு அரக்கு வைத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரசீது என்னிடம் இருக்கிறது. நகல் இதோடு உனக்கு. நர்ஸ் வெள்ளிக்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்க, சங்க அலுவலகத்துக்குப் போய் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் பெயர் போட்டுத்தான். வாசலில் கோஷம் போடத் தட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். கம்பெனியைத் திட்டி நாலு. அலாரம் எழுதியவளைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவார்கள்.

என் புது ஆபீசுக்கு, நடந்ததையெல்லாம் எழுதி நேற்றே கடிதம் கொடுத்துவிட்டேன். நிரந்தரம் பற்றி அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்காதே. வீட்டுக்காரர் மட்டும், "போயிட்டு வா, வேற என்ன செய்ய முடியும்" என்றார். அவருக்கு இவ்வளவு நேரம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை நீ என் பெயரை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல். திரும்பவும் நீ ஒருத்தியே நல்லவளாக வேண்டாம், என் அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்று அழித்துவிட்டேன் என்று நீ பொய் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பொய் இல்லையென்றால் இந்த உறையும் இல்லை, அதுவும் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு நாள் வேண்டும். எவ்வளவு என்று கேட்காதே.

நம்மை எதிரெதிர் பக்கம்தான் உட்கார வைப்பார்கள். பேசக் கூடாது, பார்க்கவும் கூடாது என்பார்கள். நான் கடைசி வரிசை கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மைக் இல்லை என்றாய். உன் குரல் எனக்கு வந்து சேரவில்லை என்றால் கையைத் தூக்குவேன். நிறுத்தி, திரும்பச் சொல்.

நெட்டை